காய் சேராத தாள்

ஷிலேர் வாசலில் வந்து நின்றபோது ருனாக் பசைத் தூரிகையோடு மேஜைமேல் குனிந்திருந்தாள். ஈரானின் மலையூரான மரிவானில் அந்த ஹெர்பேரியம் இருப்பதே ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது. காய வைத்த செடிகளைத் தாளில் ஒட்டி அலமாரியில் அடுக்கி வைக்கிற இடத்துக்கு யார் வரப்போகிறார்கள்? கிராமத்திலிருந்து காலை மினிபஸ்ஸில் கிளம்பி வந்திருப்பாள் போல. முதுகில் சால்வையால் கட்டியிருந்த குழந்தை கழுத்தைத் தொங்கப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. ருனாக்கின் கண் முதலில் போனது உடுப்பின்மேல்தான். ருனாக்கின் தம்பியான தன் புருஷன் செத்து வருஷம் திரும்பிய பிறகும் கறுப்பை விடாதவள் இன்று சாம்பல் நிறத்தில் உடுத்தியிருந்தாள்.

"உள்ள வா. டீ போடறேன்."

"டீ வேண்டாம் அண்ணி. அவர் கொண்டு வந்தாரே ஒரு கிளை, அதைக் காட்டுங்க."

ருனாக் தூரிகையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். இரும்பு அலமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டையின் வாசம் அடித்தது. ஷிலேர் மூக்கைச் சுளித்தாள். முடிவாகாத மாதிரிகளுக்கென்று அடித்தட்டு ஒன்று இருந்தது. அதிலிருந்து தடித்த காகித உறையை எடுத்து மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். தாளில் இரண்டு சிறு கிளைகள். பழுப்பேறிய இலைகள், ஒன்றிரண்டு அடிப்பக்கம் தெரியும்படி திருப்பி ஒட்டியவை. கிளை நுனியில் நூல் நூலாகத் தொங்கும் ஆண் பூக்கள், தொட்டால் பொடிந்துவிடும். வலது மூலையில் அச்சடித்த சீட்டு. ஊர், சரிவு, உயரம், நாள். அதற்குக் கீழே, சேகரித்தவர்: சோரான் அஹ்மதி.

ஷிலேர் இலையைப் பார்க்கவில்லை. அந்தப் பெயரின்மேல் விரலை வைத்தாள்.

"கல்யாணப் பத்திரிகைலகூட அவர் பேரைத் தப்பா அடிச்சிருந்தாங்க," என்றாள். "இதுல சரியா இருக்கு."

சோரான் கடைத்தெருவில் ஜன்னல் கம்பியும் இரும்புக் கதவும் பற்றவைக்கிறவன். செடிகொடியில் அவனுக்குப் பெரிய ஞானம் கிடையாது. அக்கா இலைகளை ஒட்டிப் பிழைக்கிறாள் என்பது அவனுக்குத் தீராத வேடிக்கை. மலைக்குப் போகும்போதெல்லாம் உரச்சாக்கில் எதையாவது ஒடித்துப் போட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டு வந்து மேஜைமேல் கொட்டுவான். "இந்தா, இது புதுசு. உலகத்துலயே ஒண்ணுதான்." பார்த்தால் ஆட்டுக்கு வெட்டிப் போடுகிற சாதாரண ஓக் தழையாக இருக்கும், பூச்சி அரித்ததால் உருமாறியிருக்கும். "குப்பையைக் கொண்டு வந்து கொட்டாதடா" என்று விரட்டுவாள். போன வருஷ வசந்தத்தில் கொண்டு வந்ததையும் அப்படித்தான் ஒதுக்கப் போனாள். ஆனால் கை நின்றுவிட்டது.

அந்த மலையில் இரண்டு ஓக் கலந்து வளர்கின்றன. பரூ அகல இலை, அடியில் சாம்பல் படிந்தாற்போல மெத்தென்ற மயிர். வீவல் ஒல்லி இலை, இரண்டு பக்கமும் வழுவழுப்பு. அவன் கொண்டு வந்ததில் இலை வீவலைப்போல நீண்டிருந்தது, அடியைத் தடவினால் பரூவின் மயிர் விரலில் பட்டது. ருனாக் பூதக்கண்ணாடியை எடுப்பதற்குள் அவனே ஆரம்பித்துவிட்டான். "பெரியவங்களைக் கேக்காம ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்ட ஜோடியோட பிள்ளை போல இருக்கே அக்கா. பாவம், ரெண்டு வீட்டுலயும் சேத்துக்கமாட்டாங்க." அன்று அக்காவும் தம்பியும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து கணக்கர் எட்டிப் பார்த்தார்.

தெஹ்ரானில் ஓக் மரங்களுக்கென்றே இருக்கிற டாக்டர் சஹாபிக்குப் படம் அனுப்பினாள். அவர் சந்தோஷப்பட்டார், ஆனால் கையெழுத்துப் போட மறுத்தார். கலப்பு மரம் என்று பதிவாக வேண்டுமானால் பூவும் இலையும் போதாது; கிண்ணத்தோடு முற்றிய காய் வேண்டும். இந்த ஓக்குகளில் பூத்தது காயாகி முற்ற இரண்டு இலையுதிர்காலம் ஆகும். "காத்திருங்கள் அம்மா, மரம் எங்கே ஓடிவிடப்போகிறது?" என்றார்.

அந்தக் கோடையில் மலையில் தீப்பிடித்தது. ஊர் ஆண்கள் ஈரச்சாக்கும் மண்வெட்டியுமாக ஏறினார்கள். எல்லோரும் மேட்டுப் பக்கம் போக, சோரான் மட்டும் இடப்பக்கச் சரிவுக்குத் தனியாகப் போனான். மத்தியானத்துக்குமேல் காற்று திசை மாறியது. சாயங்காலம் அவனை ஓடைப் பள்ளத்திலிருந்து தூக்கி வந்தார்கள். அப்போது ஷிலேருக்கு நாலு மாதம். ஏன் தனியாகப் போனான் என்று ஆளாளுக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். ருனாக் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அந்தச் சரிவுக்கு அவள் அதன் பிறகு போகவுமில்லை. இந்த இலையுதிர்காலத்தில் அங்கே காய் முற்றியிருக்கும். டாக்டர் இரண்டு தடவை கேட்டுவிட்டார், அவளும் இரண்டு தடவை வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

"என்னை அந்த மரத்துக்கிட்ட கூட்டிட்டுப் போங்க," என்றாள் ஷிலேர், விரலை எடுக்காமலே. "அடுத்த வெள்ளிக்கிழமை என் அண்ணன்க வராங்க."

ருனாக்குக்கு அந்த சாம்பல் உடுப்பின் அர்த்தம் அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

"எந்த ஊர்?"

"சக்கேஸ். லாரி ஓட்டறவரு. சம்சாரம் தவறிப்போச்சு, ரெண்டு பிள்ளைங்க இருக்கு." குழந்தை ஹனாரின் கால் சால்வையிலிருந்து நழுவியிருந்தது, அதை உள்ளே தள்ளினாள். "இன்னொருத்தன் பிள்ளை வேண்டாம்னு சொல்லிட்டாராம். ஹனார் உங்க அம்மாகிட்டயே இருக்கட்டும்."

"நீ சரின்னு சொன்னியா?"

"கேட்டாங்க. சொன்னேன்." சால்வையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே, "அந்த வீட்டுல எந்த ஜன்னலைத் திறந்தாலும் அவர் அடிச்ச கம்பிதான் அண்ணி. மூச்சு முட்டுது. நானும் மனுஷிதானே," என்றாள்.

மறுநாள் ருனாக் தன் பழைய காரில் கிராமத்துக்குப் போனாள். முற்றத்தில் அம்மா ஆமினே உரலில் மாசிக்காயை இடித்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்குப் பால் மறக்கடிக்க அதைத்தான் குழைத்துப் பூசுவார்கள். அவ்வளவு கசப்பும் துவர்ப்பும். உலக்கை விழும் வேகத்தைப் பார்த்தால் வேறு யாரையோ இடிக்கிற மாதிரி இருந்தது.

"எங்க கிளம்பிட்டீங்க ரெண்டு பேரும்?"

"மேல. மரத்தைப் பாத்துட்டு வரோம்மா."

உலக்கை நின்றது. "போறதுதான் போற, கோடாலியை எடுத்துட்டுப் போ. அதை அடியோட வெட்டிச் சாய்ச்சுட்டு வா. வெட்ட முடியலன்னா என்கிட்ட வந்து அதைப் பத்திப் பேசாத."

ஷிலேர் குழந்தையைக் கட்டிக்கொள்ள உள்ளே போன சமயம் ருனாக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நீ ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா? இருந்துடுன்னு?"

"எதைச் சொல்லி இருக்கச் சொல்றது?" ஆமினே மாசிக்காய்ப் பொடியை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தாள். "அவ வயசு இருபத்தாறு. என் வயசு வரைக்கும் இந்தச் சுவத்தைப் பாத்துட்டு உக்காருன்னு சொல்லவா? சொல்ல வாய் வருதுடி. தினமும் வருது. முழுங்கிட்டு இருக்கேன்." பிறகு மறுபடியும் இடிக்க ஆரம்பித்தாள்.

கார் போகிற வரை போய், அங்கிருந்து நடந்தார்கள். தீ போன வழி இன்னும் தெரிந்தது. கரிந்த மரங்கள் நின்ற நிலையிலேயே நின்றன. சிலவற்றின் அடியில் மட்டும் முழங்கால் உயரத்துக்குப் புதுத் தளிர் கொத்தாக வந்திருந்தது. நடக்க நடக்கச் செருப்பில் கரி ஒட்டியது. ஷிலேர் முன்னால் போனாள். வழி தெரிந்தவள்போல நடந்தாள்; இங்கே அவள் வந்ததே இல்லை.

மரம் சரிவின் விளிம்பில் இருந்தது. மேட்டுப்பக்கம் பாதி எரிந்து, பட்டை உரிந்து, கறுத்த எலும்பாக நின்றது. பள்ளத்தைப் பார்த்த பாதி பச்சையாக இருந்தது. இலைகளுக்கு நடுவே காய்கள், செதில் செதிலான கிண்ணத்தில் உட்கார்ந்திருந்தன. ருனாக் அண்ணாந்து பார்த்தாள். கிண்ணத்தின் செதில் பரூவினுடையதுபோல் வெளியே மடிந்து, காய் மட்டும் வீவலைப்போல் பருத்து. ஒரு கணம் அவளுக்கு நெஞ்சு துள்ளியது. துள்ளியதற்காக உடனே கூசிப்போனாள்.

"அண்ணி, இங்க வாங்க."

ஷிலேர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மரத்தைச் சுற்றி, கிளைகளின் நிழல் விழும் தூரத்தில், மண்ணை வெட்டிப் புல்லைச் செதுக்கி எறிந்த தடம் வளைவாக ஓடியது. ஒரு வருஷத்து மழையில் விளிம்பு சரிந்திருந்தாலும் தீ தாண்டாதிருக்க வெட்டியது என்று யார் பார்த்தாலும் சொல்வார்கள். பள்ளத்துப் பக்கத்தில் தொடங்கிச் சுற்றிக்கொண்டு வந்தது. மேட்டுப்பக்கத்தில் ஓரிடத்தில் நின்றுபோயிருந்தது. அதற்கப்பால் எல்லாம் கரி.

தடம் நின்ற இடத்தில் மண்வெட்டித் தலை ஒன்று துருவேறிக் கிடந்தது. காம்பு எரிந்துபோயிருந்தது. ஷிலேர் குனிந்து எடுத்து, காம்பு செருகும் குழலில் பற்றவைத்திருந்த தழும்பைக் கட்டைவிரலால் தடவினாள். சோரானின் பற்றவைப்பு அப்படித்தான் இருக்கும், மீன் செதில் அடுக்கியதுபோல ஒரே சீராக.

இங்கிருந்து ஓடைப் பள்ளம் அதிக தூரமில்லை. ஓடியிருக்கிறான். அதுவரைக்கும் ஓடியிருக்கிறான்.

ஊரார் சொன்ன எதையும் நம்பாமல், தான் நினைப்பதும் தப்பாக இருக்கலாம் என்ற ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு ருனாக் இத்தனை நாள் ஓட்டியிருந்தாள். அவனுக்கு வேறு காரணம் இருந்திருக்கலாம். வழி தவறியிருக்கலாம். யாரோ கூப்பிட்டிருக்கலாம். இப்போது அந்த வளைவைப் பார்த்தபடி நின்றாள். எத்தனை நேரம் வெட்டியிருப்பான்! மண்ணில் பாதிக்குமேல் கல்.

"அன்னிக்கு அவர் உங்களுக்கு ஃபோன் பண்ணப்போ நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்," என்றாள் ஷிலேர். "பூட்ஸ் கயித்தைக் கட்டிக்கிட்டே பேசினார். ஸ்பீக்கர்ல போட்டிருந்தார்."

அந்த ஃபோன் ருனாக்குக்கு மனப்பாடம். 'அக்கா, உன் மரம் இருக்கிற பக்கம் புகை வருது, நாங்க கிளம்பறோம்.' அவள் கையில் ஏதோ வேலை இருந்தது. என்ன வேலை என்பதுதான் இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

"'ஐயோ, பாத்துக்கோடா'ன்னு சொன்னீங்க."

"ஆமா."

"எதைப் பாத்துக்கச் சொன்னீங்க அண்ணி?"

கேள்வியில் கோபம் இல்லை. கடையில் விலை கேட்பதுபோலக் கேட்டாள். ருனாக் எரிந்த வேர் ஒன்றின்மேல் உட்கார்ந்தாள்.

"தெரியல ஷிலேர். எல்லாரும் சொல்ற வார்த்தைதானே? வாய்ல வந்துச்சு. அவனை நினைச்சுச் சொன்னேன்னு சில நாள் தோணும். சில நாள் தோணாது. பொய் சொல்லணும்னா இப்பவே சொல்லிடலாம். எனக்கே தெரியல."

ஷிலேர் தலையாட்டினாள். "அவர் மரத்தைன்னுதான் எடுத்துக்கிட்டார். ஃபோனை வெச்சுட்டுச் சிரிச்சார். 'அக்கா பதறுறா பாரு, அவ மரம் போயிடும்னு.' இதை உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். அந்த ஊருக்குப் போனப்புறம் யார்கிட்ட சொல்வேன்? அங்க அவர் பேரை எடுக்க முடியுமா?"

ருனாக் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஷிலேர் அவளைத் தேற்றவுமில்லை, விலகிப் போகவுமில்லை. மண்வெட்டித் தலையை எடுத்த இடத்திலேயே, எடுத்த வாகிலேயே திரும்ப வைத்தாள்.

குழந்தை விழித்து அழுதது. ஷிலேர் அதை அவிழ்த்து மடியில் போட்டு ரொட்டித் துண்டு கொடுத்தாள், தட்டிவிட்டது. மோர் கொடுத்தாள், துப்பியது. கை உடுப்பின் முன்பக்கத்தைப் பிடித்து இழுத்தது. கடைசியில் பித்தானைக் கழற்றினாள். ஹனார் ஆவலாக வாய் வைத்து, ஒரு தரம் உறிஞ்சி, முகத்தைக் கோணலாக்கிக்கொண்டு விலகி அம்மாவின் முகத்தைப் பார்த்தது. அழக்கூட இல்லை. இது எப்படி இப்படி ஆயிற்று என்று கேட்பதுபோலப் பார்த்தது. மறுபடி வாய் வைத்தது, மறுபடி விலகியது.

"அத்தை ரொம்பக் கெட்டியா குழைச்சுட்டாங்க," என்றாள் ஷிலேர். பிறகு குடிதண்ணீர்ப் புட்டியைத் திறந்து சால்வை நுனியை நனைத்து, மார்பை அழுத்தித் துடைத்தாள். சிவக்கச் சிவக்கத் துடைத்தாள். "இன்னிக்கு மட்டும். அத்தைகிட்ட சொல்லிடாதீங்க."

குழந்தை குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ருனாக் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியாததால் பையிலிருந்து கத்தரியை எடுத்தாள். காய் இருந்த கிளை கைக்கு எட்டவில்லை. எம்பிப் பார்த்தாள், எரிந்த பக்கமாக ஏறப் பார்த்தாள், பட்டை உரிந்து கையோடு வந்தது. ஷிலேர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குழந்தையை இடுப்பில் இடுக்கியபடியே எழுந்து வந்தாள். ருனாக்கைவிட அவள் உயரம். ஒரு கையால் கிளையை வளைத்துக் கீழே பிடித்தாள்.

"வெட்டுங்க. இதுக்குத்தானே?"

ருனாக் வெட்டினாள். ஒரு துண்டில் மூன்று காய், இன்னொன்றில் இரண்டு. "இது அவன் கொண்டு வந்த பூவோட சேந்து பூத்தது," என்றாள் மெதுவாக. "ரெண்டு வருஷம் ஆகும்..."

"தெரியும். 'உன் பிள்ளை ஒம்பது மாசத்துல வந்துடும், அக்கா பிள்ளைக்கு ரெண்டு வருஷம்'னு கிண்டல் பண்ணுவார்." ஷிலேர் கிளையை விட்டாள், அது மேலே போய் ஆடி நின்றது.

இறங்கும்போது ஒரு வழுக்கலில் ஷிலேர் கையை நீட்டினாள், ருனாக் பிடித்துக்கொண்டாள்.

காய்களை அழுத்திக் காய வைக்க முடியாது. கிண்ணத்தோடு உலர்த்தி, பூச்சி சாக ஃப்ரீசரில் வைத்தெடுத்து, காகிதப் பொட்டலத்தில் போட்டுத் தாளோடு சேர்க்க வேண்டும். ருனாக் எல்லாவற்றையும் முறைப்படி செய்தாள். கிளையைத் தைக்கும்போது நூல் இரண்டு தரம் அறுந்தது. படங்களைப் பார்த்த அன்றே டாக்டர் சஹாபி ஃபோன் செய்தார். குரலில் அவ்வளவு உற்சாகம்.

"சந்தேகமே இல்லை அம்மா, கலப்புதான். இந்த மலைத்தொடரில் இவ்வளவு தெளிவான மாதிரியை நான் பார்த்ததில்லை. நீங்கள் பதிவு போட்டுவிடலாம். மரம் நன்றாக இருக்கிறதா?"

"பாதி இருக்கு டாக்டர்."

"பாதியா? தீயா? அடடா. எப்படியோ அதுவாவது தப்பித்ததே. ஒரு விஷயம், இந்தத் தாளில் சேகரித்தவர் என்று உங்களோடு இன்னொரு பெயர் இருக்கிறதே. ஷிலேர். துறையைச் சேர்ந்தவரா?"

"என் தம்பி மனைவி," என்றாள் ருனாக். சொன்ன பிறகுதான் வெள்ளிக்கிழமை வரைக்குமே அப்படிச் சொல்லமுடியும் என்பது உறைத்தது. டாக்டர் வாழ்த்திக்கொண்டிருந்தார். அவள் நன்றி சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஷிலேரின் அண்ணன்மார் இருவரும் வெள்ளை பிக்கப்பில் வந்தார்கள். மரியாதையான ஆட்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து ஆமினேவின் தோளில் முத்தமிட்டார்கள்; கண்ணைப் பார்க்காமல் டீ குடித்தார்கள். வளர்க்கிற செலவைப் பற்றிப் பெரியவன் ஏதோ ஆரம்பித்தபோது ஆமினே கையை உயர்த்தி நிறுத்திவிட்டாள். ஷிலேர் குழந்தையை அன்று தானே குளிப்பாட்டி, தலைவாரி, தூங்கவைத்திருந்தாள். தூங்கும்போதே கிளம்பிவிடுவது என்று பேசி வைத்திருந்தார்கள்.

"சளி பிடிச்சா நெஞ்சுல ஆட்டுக் கொழுப்பு தடவாதீங்க, அவளுக்குக் கொப்புளம் வருது," என்று ருனாக்கிடம் சொன்னாள். "இடது காதைத் தொட்டா தூங்கிடுவா. அழுதா முதல்ல இடது காதைத் தொட்டுப் பாருங்க."

ருனாக் கைப்பையிலிருந்து அட்டை உறையை எடுத்தாள். இரண்டு தாள்களையும் படமெடுத்து மரிவான் ஸ்டூடியோவில் அச்சிட்டு வாங்கி வந்திருந்தாள். பூவும் காயும், சோரானின் பெயரும் ஷிலேரின் பெயரும் பக்கத்துப் பக்கத்தில். ஷிலேர் வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அண்ணன் வண்டியைக் கிளப்பி உறுமவிட்டான்.

"அங்க இதை எங்க வைப்பேன் அண்ணி?" என்று திருப்பிக் கொடுத்தாள்.

மூட்டைகளைப் பின்னால் ஏற்றி, அவளை நடுவில் உட்கார வைக்கப் பார்த்தார்கள்; வாந்தி வரும் என்று ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆமினே வெளியே வரவில்லை. சின்னவன் கதவைச் சாத்திய சத்தத்திலா, எதனாலோ, உள் அறையில் ஹனார் விழித்துக்கொண்டது. முதலில் முனகல், பிறகு முழு அழுகை. ஆமினே தாலாட்டுகிற குரல் அதற்கு மேலாக எழுந்தது. அந்தக் குரலும் உடைந்தது. இரண்டும் ஜன்னல் கம்பிகளின் வழியாக முற்றத்துக்கு வந்தன.

ஷிலேர் திரும்பவில்லை. நேராகக் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் நிற உடுப்பின் முன்பக்கத்தில் ஒரு புள்ளி கறுத்தது. பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் வட்டமாக விரிந்து பெரிதாயின. அண்ணன்மாரில் பெரியவன் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அவசரமாகக் கியரைத் தேடினான். ஷிலேர் சால்வையை எடுத்து மார்பில் அழுத்திக்கொண்டாள். வண்டி நகர்ந்தது.

ருனாக் வாசலைத் தாண்டிப் பாதை வரைக்கும் போனாள். பிக்கப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு இறங்கி, வாதுமைத் தோப்பின் வளைவுக்குப் போகுமுன் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. கையசைக்கிறாள் என்று நினைத்து ருனாக்கும் கையைத் தூக்கினாள். சால்வையின் நனைந்த நுனி அந்தக் கையில் இருந்தது. சக்கேஸ் போய்ச் சேர்வதற்குள் காயட்டும் என்று காற்றில் விரித்துப் பிடித்திருந்தாள் ஷிலேர். அது படபடவென்று அடித்துக்கொண்டே போனது.